பழைய ஜீப்பா, ஜிப்ஸியா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொட்டகையில் கிடக்கும் மஹிந்திரா எம்எம்540 ஜீப்பைத் தேற்றுவதா, பழைய மாருதி ஜிப்ஸி தேடுவதா? ஜீப்பில் 2,112 சிசி பெஜோ டீசல் இன்ஜின். ஊர் மெக்கானிக்கே கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால் கனம். சம்பா நடவு நேரத்தில் வரப்போரக் களிமண்ணில் இறங்கினால் டிராக்டர்தான் இழுக்க வேண்டும். இழுத்தார்கள், ஊரே வேடிக்கை பார்த்தது.

ஜிப்ஸி ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. சேற்றில் நழுவிப் போய்விடும். 1985-இல் வந்தபோது 970 சிசி பெட்ரோல்தான், பிறகு 1.3 லிட்டர் ‘ஜிப்ஸி கிங்’. லடாக் கனவு இருந்தால் கார்புரேட்டர் வேண்டாம், மேலே ஏற ஏற மூச்சு வாங்கும். கார்புரேட்டருக்குப் பதில் கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ கிங் பாருங்கள். வேதாரண்யம் உப்பளப் பக்கம் ஓடிய வண்டியா? தரைவிரிப்பைத் தூக்கி, தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். துருப்பிடித்துப் பொலபொலவென உதிர்ந்தால் நடையைக் கட்டுங்கள்.

என் ஓட்டு ஜிப்ஸிக்கு. அப்பாதான் ஜீப்பை விற்க விடமாட்டேன் என்கிறார்.