"ப்ரோ, லேக் அடிக்குது": ஒரே கம்ப்யூட்டரில் மூன்று வருஷ லைவ் ஸ்ட்ரீமிங்

திருப்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து வாரம் நாலு நாள், இரவு ஒன்பது மணிக்கு லைவ் போகிறேன். ஜிடிஏ 5 கேமில் ரோல்பிளே, நடுநடுவே வாலரன்ட் கேம். ரைசன் 5 3600 சிபியு, ஜிடிஎக்ஸ் 1650 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், லைவ் அனுப்ப ஓபிஎஸ் ஸ்டூடியோ என்கிற சாஃப்ட்வேர். மூன்று வருஷமாக இதே மெஷின்தான். முதல் எட்டு மாதம் சாட்டில் அதிகம் வந்த வரி "ப்ரோ, லேக் அடிக்குது" என்பதுதான். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால்தான் தீரும் என்று நம்பி அந்த எட்டு மாதமும் காசு சேர்த்தேன். கார்டு இன்றுவரை மாறவில்லை. லேக் போய்விட்டது.

இதைச் சாத்தியமாக்கியது ஓபிஎஸ்ஸின் டாக்ஸ் மெனுவில் இருக்கும் ஸ்டாட்ஸ் என்கிற சின்னப் பலகம். அதில் மூன்று வரிகள் இருக்கும். ரெண்டரிங் (படத்தை வரைவது) லேகால் தவறிய ஃப்ரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்), என்கோடிங் (அந்தப் படங்களை அனுப்பச் சுருக்குவது) லேகால் விட்டுப்போன ஃப்ரேம்கள், நெட்வொர்க்கில் டிராப் ஆன ஃப்ரேம்கள். பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும், படம் திக்கித் திக்கி வரும். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நான் எட்டு மாதம் செய்தது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமலே மாத்திரையை மாற்றிக்கொண்டிருந்த மாதிரிதான். இப்போது லைவ் போகும்போது ரெண்டாவது மானிட்டரின் ஓரத்தில் அந்தப் பலகம் எப்போதும் திறந்தே இருக்கும்.

எனக்கு முதலில் சிக்கியது என்கோடிங். சிபியுவில் என்கோட் செய்தால் படம் தெளிவாக இருக்கும் என்று யாரோ சொல்ல, எக்ஸ்264 என்கிற சிபியு என்கோடரை, சுமை அதிகமான மீடியம் ப்ரீசெட்டில் வைத்திருந்தேன். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி செகண்டுதான். அதே ஆறு கோரில் கேமும் ஓடும்போது அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாது. அவுட்புட் செட்டிங்கில், கிராபிக்ஸ் கார்டிலேயே என்கோட் செய்யும் என்விடியா என்வென்க்குக்கு மாற்றினேன், அந்த வரி அன்றைக்கே பூஜ்யமானது. கேமை வரைகிற கோர்கள் வேறு, என்வென்க் கார்டுக்குள் தனியாக இருக்கும் சிப் பகுதி. அதனால் ஸ்ட்ரீம் செய்யும்போது கேமின் வேகம் அதிகம் குறையாது. செகண்ட் ஹேண்டில் கார்டு தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019-ல் வந்த சாதா 1650-ல் இருப்பது பழைய தலைமுறை என்கோடர். அதே வருஷக் கடைசியில் வந்த 1650 சூப்பரில் டூரிங் தலைமுறை என்கோடர். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் ஸ்ட்ரீமிங்குக்கு அது முக்கியமானது.

அடுத்தது ரெண்டரிங் லேக். இது புரியத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது, ஏனென்றால் என் ஸ்க்ரீனில் கேம் வெண்ணெய் மாதிரி ஓடும், பார்க்கிறவர்களுக்கு மட்டும் இழுக்கும். கேம் காட்சி, வெப்கேம், சாட் பெட்டி, அலெர்ட் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும் வேலையை ஓபிஎஸ் அதே கிராபிக்ஸ் கார்டில்தான் செய்கிறது. ஜிடிஏவில் ஃப்ரேம் ரேட்டுக்கு வரம்பு வைக்காமல் விட்டிருந்தேன். கார்டு 99 சதவீதத்தில் நின்றது, ஓபிஎஸ்ஸுக்கு மிச்சம் எதுவும் இல்லை. 75 ஃப்ரேமுக்கு வரம்பு போட்டு, நிழல் தரத்தை ஒரு படி இறக்கினேன். கார்டின் சுமை 80 சதவீதம் பக்கம் வந்து நின்றது, இழுவையும் நின்றது. ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் விண்டோஸ் அதற்குக் கார்டில் முன்னுரிமை கொடுக்கும், அதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். முழு ஸ்க்ரீனையும் எடுக்கும் டிஸ்ப்ளே கேப்சருக்குப் பதில் கேமை மட்டும் எடுக்கும் கேம் கேப்சர் போட்டதும், பயன்படாத பிரவுசர் சோர்ஸ்களை (ஓபிஎஸ்ஸுக்குள் ஓடும் வெப் பக்கங்களை) சீனிலிருந்து எடுத்ததும் கொஞ்சம் கொஞ்சம் உதவின.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாவது வரி சிவப்பாகவே இருந்தது. நெட்வொர்க்.

வீட்டில் ஃபைபர், 50 எம்பிபிஎஸ் அப்லோடு. ஸ்பீடு டெஸ்டில் எப்போது பார்த்தாலும் 48, 49 காட்டும். நான் அனுப்புவது வெறும் 8 எம்பிபிஎஸ். பிறகு ஏன் டிராப் ஆகிறது? ஸ்பீடு டெஸ்ட் சொல்வது சில நொடிகளின் சராசரி. லைவுக்கு வேண்டியது ஒரே சீரான ஓட்டம். வைஃபையில் இரண்டு நொடி தடங்கினால் பாக்கெட்டுகள் திரும்பத் திரும்ப அனுப்பப்படும், ஓபிஎஸ்ஸின் பஃபர் (அனுப்ப வேண்டியது காத்திருக்கும் இடம்) நிரம்பும், நிரம்பியதும் அது ஃப்ரேம்களைத் தூக்கிப் போடும். ஹாலில் இருக்கும் ரூட்டருக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளம் இருக்கிறது. வைஃபையை நம்பியது சரியில்லை என்று முடிவு செய்து, 25 மீட்டர் கேட் 6 வயர் வாங்கி மாடிப்படி ஓரமாக இழுத்தேன்.

அன்றைக்கே தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. அறைக் கதவைச் சாத்தும்போதெல்லாம் ஸ்ட்ரீம் மூன்று நொடி செத்துப் பிழைத்தது. விண்டோஸ் செட்டிங்ஸில் ஈத்தர்நெட் லிங்க் வேகம் ஒருமுறை 1000 காட்டும், ஒருமுறை 100. வயரின் முனையைக் கழற்றி மொபைல் டார்ச்சில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி பிளக்குக்குள் எட்டு நிற வயர்களில் ஏழு முனைவரை போயிருந்தன. பிரவுன் நிறம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு வயர் போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். கதவு அசையும்போது அந்த ஒரு வயர் தொட்டும் தொடாமலும் இருந்ததால், லிங்க் ஒவ்வொரு முறையும் அறுந்து புதிதாகச் சேர்ந்தது. கடையில் கொடுத்து பிளக்கை மறுபடி வயரோடு அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) வாங்கினேன். வயர் இழுத்த பிறகும் மிச்சமிருந்த தொல்லையில் பாதி ஒரு மில்லிமீட்டரில் இருந்திருக்கிறது என்பதை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

மிச்சப் பாதியைக் கண்டுபிடித்தது என் தங்கச்சி. தினமும் ஒன்பதேகால் வாக்கில் பத்து நிமிஷம் மட்டும் டிராப் ஆகும். நான் இன்டர்நெட் கம்பெனிக்குப் புகார் மேல் புகார் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, நான் வேலை முடிஞ்சு வந்து போனை சார்ஜ் போடுற நேரம்தானே அது?" என்றாள். சார்ஜில் போட்டதும் அவள் போனிலிருந்த போட்டோ பேக்கப் ஆப், அன்றைய படங்களையும் வீடியோக்களையும் ஏற்ற ஆரம்பிக்கும். அது 50 எம்பிபிஎஸ்ஸையும் நிரப்ப, ரூட்டரில் வரிசை கட்டி என் ஸ்ட்ரீம் பின்னால் காத்து நிற்கும். எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று சொல்லும் ரூட்டரின் கியூஓஎஸ் பகுதியில் என் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை கொடுத்து, மொத்த அப்லோடுக்கு 45 என்று வரம்பு வைத்தேன். அவள் பேக்கப்பும் நடக்கிறது, என் லைவும் நடக்கிறது.

பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா) பற்றி என் அபிப்ராயம்: ட்விட்ச் என்கிற லைவ் தளத்தில் 6000 கேபிபிஎஸ்தான் வழக்கமான உச்சம் என்பதால், அங்கே வாலரன்ட் மாதிரி வேகமான கேமை 1080-க்குப் பதில் 720-ல் 60 ஃப்ரேமாக அனுப்புவதே கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. 1080-ல் திரும்பும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. யூடியூப்பில் 1080-ஐ 8000-ல் அனுப்புகிறேன், கீஃப்ரேம் (முழுசாக அனுப்பும் ஃப்ரேம்) இடைவெளி 2 நொடி. சிக்னல் மோசமான இடத்தில் மொபைலில் பார்க்கிறவர்களுக்காக யூடியூப் தானே குறைந்த தரங்களையும் உண்டாக்கிக் கொடுக்கும். ட்விட்ச்சில் சின்ன சேனல்களுக்கு அந்த வசதி எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அங்கே பிட்ரேட்டை ஏற்றுவது, போனில் பார்க்கிறவரைத் துரத்துவதற்குச் சமம்.

இன்னொன்று, தாமதத்தையும் லேகையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நான் பேசியது பத்து நொடி கழித்துக் கேட்பது லேக் இல்லை. யூடியூப்பில் தாமதத்தை மிகவும் குறைக்கும் அல்ட்ரா லோ லேட்டன்சி போட்டால் சாட்டுக்கு உடனே பதில் சொல்லலாம், ஆனால் பார்க்கிறவரின் பக்கம் முன்கூட்டிச் சேரும் வீடியோ குறைவதால் வட்டம் சுற்றுவது அதிகமாகும். நான் சாதாரண லோ லேட்டன்சியிலேயே நிறுத்திவிட்டேன்.

போன ஏப்ரலில் மறுபடி ஒரு வாரம் இழுத்தது. மூன்று வரியும் சேர்ந்து ஏறியது. சிபியு சூடு 95 டிகிரி. ஹீட் சிங்கின் இடுக்கில் பனியன் பஞ்சும் தூசியும் கெட்டியாக அடைத்திருந்தது. பிரஷ்ஷால் எடுத்து, தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்ததும் 74-க்கு இறங்கியது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத் தகட்டைக் கழற்றிவிடுகிறேன்.

போன மாதம் நாலு மணி நேர லைவ் முடிந்து ஸ்டாட்ஸைப் பார்த்தேன். மூன்று வரியிலும் 0.0 சதவீதம். இனி தொந்தரவு என்றால் கரண்ட் மட்டும்தான். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்தும் ஹாலில் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்து லைவ் அறுந்துவிடும். அவற்றுக்குத் தனியாக 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்த பிறகு, கரண்ட் போனாலும் பத்து நிமிஷம் கிடைக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டு நிறுத்த அது போதும்.