5-க்கு 8 பாத்ரூம்: 7 வருடப் புழக்கத்தில் நின்றதும் தொல்லை தந்ததும்

5 அடி அகலம், 8 அடி நீளம். நம் ஊர் வீடுகளில் பரவலாகப் பார்க்கிற பாத்ரூம் அளவு இது. கிளாசட், வாஷ் பேசின், குளிக்கும் இடம் மூன்றும் இதற்குள் அடங்க வேண்டும். தாத்தா பாட்டி முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை ஆறு பேர் காலையில் அடுத்தடுத்து வந்து போக வேண்டும். அப்படி 7 வருடம் புழங்கிய பாத்ரூமைப் பற்றிய பகிர்வு இது. டைல்ஸ் கலர் இரண்டாவது மாதத்தில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தரை வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, மட்டும் தினமும் காலில் தட்டுப்படும்.

முதலில் எது எங்கே என்பது. 5 அடிச் சுவரின் ஒரு மூலையில் கதவு. அதற்கு எதிர்ப்பக்க நீளச் சுவரில் வரிசையாக பேசினுக்கு 2 அடி, கிளாசட்டுக்கு 3 அடி, கடைசி 3 அடி முழு அகலத்துக்கும் குளிக்க. கிளாசட்டின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 18 இன்ச் கிடைப்பதால் முழங்கை இடிக்காது. கிளாசட் சுவரிலிருந்து 27, 28 இன்ச் முன்னால் வரும். மீதி 32 இன்ச் தாராளமான நடைபாதை. வெளியே போகிற கழிவுப் பைப் பின்சுவரில் இருந்தால் கிளாசட்டைக் கடைசியில் தள்ளிவிடலாம் என்று பிளம்பர் சொல்வார். சில அடி பைப் மிச்சமாகும். ஆனால் அதற்குப் பிறகு கிளாசட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் ஈரத்தை மிதித்துத்தான் போக வேண்டும், அந்தக் காலோடுதான் ஹாலுக்கு வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிளாசட்டை வாங்கி வைத்துவிட்டுத்தான் பைப் போட வேண்டும். கழிவு தரை வழியாக இறங்குகிற எஸ் டிராப் மாடல்களில் சுவரிலிருந்து துளை நடுவுக்கு உள்ள தூரம் 4 இன்ச், 9 இன்ச், 12 இன்ச் என்று மாறும். அந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து எடுப்பது. வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்துவிட்டால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு இன்ச்சைத் தின்றுவிடும், கிளாசட் உட்காராது.

இனி வாட்டம். இன்ச்சுக்கு எட்டு நூல் என்பது கொத்தனார் கணக்கு. பேசின், கிளாசட் உள்ள உலர் பகுதிக்கு அடிக்கு ஒரு நூல், குளிக்கும் பகுதிக்கு அடிக்கு இரண்டு நூல். இரண்டுக்கும் நடுவில் நாலு நூல் இறக்கம், முனை மழுங்கலாக. 5 அடிக்கு 5 நூல், 3 அடிக்கு 6 நூல், இறக்கம் 4 நூல்: கதவடியிலிருந்து நானி டிராப் (தரைத் தண்ணீர் இறங்குகிற ஜாலி போட்ட துளை) வரை மொத்தம் 15 நூல், கிட்டத்தட்ட 2 இன்ச். பைப்பும் டிராப்பும் உட்கார்ந்த பிறகு இந்த உயரம் மிஞ்சுமா என்பதைத் தளம் போடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். நானி டிராப் பின் மூலையில் இருக்கட்டும். நடுவில் வைத்தால் நிற்கிற காலடியிலேயே தலைமுடியும் சோப்பு நுரையும் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூலையை நோக்கி இரண்டு பக்கமும் சரிய வேண்டும் என்பதால் குளிக்கும் பகுதிக்கு 1-க்கு 1 அடி மேட் டைல்ஸ் போதும். 2-க்கு 2 பெரிய டைல்ஸ் இரண்டு பக்கம் வளையாது. கொத்தனார் ஒரு முனையைத் தூக்கி ஒட்டுவார், அந்த முனை ஓரத்தில் தண்ணீர் தேங்கும். பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்றால் பின்சுவர் நெடுக நீள வடிகால் வைத்து ஒரே பக்கமாகச் சரிக்கலாம்.

டைல்ஸை ஒட்டக் கலவை போடும் முன்பு, வாட்டப் பூச்சு இறுகியதும், கதவுப் பக்கம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கிளாசட் வரும் இடத்தில் கொஞ்சம் தயங்கி, பிறகு விரல் அகலத்துக்கு ஒரு கோடாகப் பிரிந்து மூலைக்கு ஓட வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் உள்ளங்கை அளவு ஈரம் பளபளவென்று நின்றால் அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதற்கு மருந்து கிடையாது.

வாட்டர்ப்ரூஃப் பூச்சு குளிக்கும் பகுதிச் சுவரில் 6 அடி, மற்ற இடங்களில் 1 அடி உயரம் வரை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட். 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல்ஸ். கசிவு பெரும்பாலும் பைப் தளத்தைத் துளைத்து இறங்குகிற கழுத்தில்தான் தொடங்கும். குளிக்கும் இடத்துத் தரைக்கு எபாக்ஸி கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கிற கலவை) போட்டது நல்ல முடிவு; பேசின் பக்கம் போட்ட சிமென்ட் கிரவுட் கறுத்துவிட்டது. எபாக்ஸியின் படலத்தை அன்றைக்கே துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் போகாது.

பெரிய ரெயின் ஷவர் ஏமாற்றம்தான். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். மாடி பாத்ரூமில் டேங்க் அடிமட்டத்துக்கும் ஷவருக்கும் 2 மீட்டர்தான் இடைவெளி என்றால் கிடைப்பது 0.2 பார். அதில் ரெயின் ஷவர் சொட்டும். பிரஷர் பம்ப் இல்லாத வீட்டுக்குச் சின்னத் தலை ஷவரும், தரையிலிருந்து 2 அடியில் பக்கெட் குழாயுமே சரி. போர் தண்ணீரில் கண்ணாடித் தடுப்பையும் யோசித்து வையுங்கள். தினமும் துடைக்காவிட்டால் உப்புப் படிந்து மங்கிப்போகும். கீசர் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி பக்கம் வைத்தால் காயிலில் உப்பு படிவது குறையும். கீசருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கிற வகை. கிளாசட் பக்கச் சுவரில் 2 அடி பிடிமானக் கம்பி, தரையிலிருந்து 32 இன்ச் உயரத்தில். பாட்டிக்காகப் போட்டதைப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்கள்.

அந்தக் கம்பியைப் பிற்பாடு பொருத்துவதாக இருந்தால், சுவர்ப் பூச்சுக்கு முன்பே நான்கு பக்கமும் பைப் தெரிய, டேப்பை நீட்டி வைத்து போட்டோ எடுத்துவிடுங்கள். டிரில் போடும் நாளில் வெந்நீர் பைப் எந்த இன்ச்சில் போகிறது என்று பார்க்க அந்த ஒரு படம்தான் இருக்கும்.