வாடகைக்கு விடுற வீட்டுக்கு 'ஃபுல் பேக்கேஜ்' ரெனோவேஷன் சர்வீஸ் எடுக்கலாமா – என் ரிவ்யூ

நேரா ஸ்டாரை சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணு. பெயிண்ட்டுக்கும் கிச்சனுக்கும் நாலு, பாத்ரூமுக்கு ஒண்ணரை, அவங்க தலையில கட்டப் பார்த்த லோனுக்கு முட்டை. கம்பெனி பேரு போடல, ஏன்னா ஆன்லைன்ல தேடினா இதே மாதிரி பத்து கம்பெனி வருது, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆப், ஒரே மாதிரி 3டி படம், ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட சூப்பர்வைசர். நான் சொல்லப்போறது வாடகைக்கு விடுற வீட்டை இவங்ககிட்ட கொடுக்கலாமா கூடாதான்னு. சொந்தமா குடியிருக்கிற வீடுன்னா கணக்கே வேற, அதுக்கு இந்த ரிவ்யூ ஆகாது.

வீடு சென்னையில ஆதம்பாக்கம் பக்கம், தொண்ணூறுகள்ல கட்டின ஃப்ளாட், 850 ஸ்கொயர் ஃபீட், ரெண்டு பெட்ரூம். பழைய குடித்தனக்காரங்க 16,000 கொடுத்துட்டு இருந்தாங்க, காலி பண்ணினப்புறம் புரோக்கர் வந்து பார்த்துட்டு "மேடம் கொஞ்சம் வேலை பார்த்தீங்கன்னா 20 வரைக்கும் போகும்"னாரு. சரின்னு இவங்களை கூப்பிட்டேன். லேசர் வெச்சு அளந்தாங்க, டேப்லெட்ல படம் காட்டினாங்க, ஹால்ல ஃபால்ஸ் சீலிங், டிவிக்குப் பின்னாடி பேனல், ப்ரொஃபைல் லைட்டு, லாஃப்ட்டுக்கெல்லாம் ஷட்டர்னு 4.9 லட்சத்துக்கு கோட்டேஷன், கீழ சின்ன எழுத்துல ஜிஎஸ்டி தனின்னு போட்டிருந்துச்சு, 18 பர்சென்ட், அதாவது இன்னொரு 88,000. மொத்தம் 5.78 லட்சம்.

இந்த இடத்துல எல்லாரும் கொஞ்சம் நிறுத்தி கணக்கு போடணும். வாடகை ஏறுறது மாசம் 4,000, வருஷத்துக்கு 48,000. போட்ட காசு திரும்ப வர 12 வருஷம்! அதுக்குள்ள அந்த பேனல் உரிஞ்சு, ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சு, கிச்சன் ஷட்டர் தொங்கி, திரும்ப இன்னொரு கம்பெனிக்காரன் டேப்லெட்டோட வந்து நிப்பான்.

அதனால கோட்டேஷனை எடுத்து ரெண்டா பிரிச்சேன். ஒண்ணு, செய்யலன்னா இருக்கிற 16,000கூட நிக்காதுங்கிற வேலை, அதாவது பாத்ரூம் ஒழுகல், துருப்பிடிச்ச பழைய ஜிஐ (இரும்பு) பைப், எர்த் வயரே இல்லாத பிளக் பாயிண்ட். இன்னொண்ணு, வாடகையை ஏத்துறதுக்கான வேலை, அதாவது கிச்சன், பெயிண்ட், ஏசி பாயிண்ட். முதல் வகையை எத்தனை வருஷத்துல திரும்ப வரும்னு பார்க்கவே கூடாது, அது செஞ்சே ஆகணும். ரெண்டாவது வகையைத்தான் மாசம் ஏறப்போற வாடகையால வகுத்துப் பார்க்கணும். ரெண்டுலயும் சேராதது எல்லாம் போட்டோவுக்கு. ஃபால்ஸ் சீலிங், பேனல், லைட்டு எல்லாத்தையும் அடிச்சுட்டேன், 3.4 லட்சத்துக்கு இறங்குச்சு, ஜிஎஸ்டியோட 4 லட்சம். சேல்ஸ் பையனுக்கு முகம் சுருங்கிப்போச்சு, "மேடம் ஹால் ரொம்ப ப்ளெயினா இருக்கும்"னான். குடி வர்றவங்க ஹால்ல நின்னு சீலிங்கை பார்க்கிறதில்ல தம்பி, நேரா பாத்ரூம் போய் குழாயை திறந்து பார்ப்பாங்க.

இப்ப வேலைக்கு வர்றேன். பெயிண்ட் டீம் நிஜமாவே நல்லா பண்ணினாங்க. பொருளை எல்லாம் கவர் போட்டு மூடி, மெஷின் வெச்சு தேய்ச்சு, தூசி கம்மியா, சொன்ன தேதிக்கு முடிச்சாங்க. ராயல் மாதிரி விலை ஜாஸ்தியானதை போடச் சொல்லி கேட்டுட்டே இருந்தாங்க, நான் விலை கம்மியான டிராக்டர் எமல்ஷனே போதும்னு நின்னேன், வாடகை வீட்ல ஆள் மாறும்போதெல்லாம் ஒரு கோட்டாவது அடிச்சுத்தான் ஆகணும், அதுல ராயல் அடிச்சு என்ன பண்றது. ஷேட் நம்பரை எழுதி வாங்கி வெச்சுக்குங்க, மிச்ச பெயிண்ட்டையும் கேட்டு வாங்குங்க, அடுத்த ஆள் ஆணி அடிச்ச ஓட்டையை மூட உதவும். ஒரே ஒரு விஷயம், பாத்ரூம் சுவரை ஒட்டின பெட்ரூம்ல ஓதம் ஏறி இருந்துச்சு, அது மேலேயே புட்டி வெச்சு அடிக்கப் பார்த்தாங்க, நிறுத்திட்டேன். ஓதம் எங்கிருந்து வருதுன்னு பார்க்காம புட்டி வெச்சா அடுத்த மழைக்கே பொரிஞ்சு கொட்டும்.

கிச்சன் கூட ஓகே. ஆனா பேக்கேஜ்ல சிங்க்குக்கு கீழ பார்ட்டிகிள் போர்டு கேபினெட்னு போட்டிருந்தாங்க, அதுல தண்ணி பட்டா பிஸ்கட் மாதிரி ஊறிடும். சிங்க் பக்கம் மட்டும் கடப்பா கல் ஸ்லாப் வெச்சு பிவிசி ஷட்டர் போடச் சொன்னேன், மத்த இடத்துக்கு பிளைவுட். பிளைவுட்ல ஐஎஸ் 303ன்னு தர முத்திரை இருந்தா ஓரளவு ஈரம் தாங்கும், 710ன்னு இருந்தா மெரைன், இன்னும் நல்லா தாங்கும், ஷீட்டு மேலேயே அடிச்சிருக்கும், வெட்டுறதுக்கு முன்னாடியே பாருங்க, ஏன்னா லேமினேட் ஒட்டினப்புறம் சாமியே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. குழாய் விஷயத்துல ஒண்ணு, நம்ம ஊர் போர் தண்ணிக்கு லேசான குழாய் எல்லாம் சீக்கிரம் உப்பு பூத்து இறுகிடும், கையில தூக்கிப் பாருங்க, பித்தளை கனக்கும்.

பாத்ரூம்தான் இந்த ரிவ்யூல ரெண்டு ஸ்டார் குறையறதுக்கே காரணம். கோட்டேஷன்ல 'வாட்டர்ப்ரூஃபிங் – லம்ப்சம்'னு ஒரே வரி, அதாவது மொத்தமா ஒரு ரேட்டு. என்ன கெமிக்கல், எத்தனை கோட், சுவர்ல எவ்வளவு உயரம் வரைக்கும், பைப் ஓட்டையை சுத்தி என்ன பண்ணுவீங்க, ஒண்ணும் இல்ல. கேட்டா "எல்லாம் ஸ்டாண்டர்டு ப்ராசஸ் மேடம்". பழைய டைல்ஸை உடைச்சு, உள்ள பள்ளமா இருக்கிற சங்கன் ஸ்லாப்பை காலி பண்ணி, கோட் அடிச்சாங்க, மறுநாளே டைல்ஸ் ஒட்ட ஆள் வந்து நிக்கிறான். அப்பதான் நான் தண்ணி கட்டி டெஸ்ட் பண்ணாம ஒரு டைல் ஒட்டக்கூடாதுன்னு பிடிவாதமா நின்னேன். ஷெட்யூல் போயிடும், இன்னொரு சைட் வெயிட்டிங், அது இதுன்னு சூப்பர்வைசர் அழுதுட்டாரு. கடைசியில ஓட்டையை அடைச்சு தண்ணி கட்டி விட்டோம், ரெண்டு நாளாவது நிக்கணும், அதுக்குள்ளயே கீழ்வீட்டு அக்கா போன் பண்ணி சீலிங்ல ஈரம் தெரியுதுன்னாங்க. கக்கூஸ் பைப் ஸ்லாப்ல இறங்குற இடத்துல சரியா பூசவே இல்ல. திரும்ப செஞ்சாங்க, அவங்க செலவுலதான் செஞ்சாங்க, அது நியாயம்தான், ஆனா சொன்ன தேதி தாண்டிப்போச்சு, அந்த மாச வாடகை என் கணக்குல நஷ்டம். இதே டைல்ஸ் ஒட்டினப்புறம் தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் மறுபடி உடைக்கணும், நடுவுல கீழ்வீட்டோட சண்டை வேற, அசோசியேஷன்ல பஞ்சாயத்து வேற.

என்னோட இன்னொரு வீட்டு பாத்ரூமை எங்க ஏரியா மேஸ்திரிதான் பண்ணினாரு, அவர்கிட்ட 3டி படம் கிடையாது, கோட்டேஷன் டைரி பேப்பர்ல, ஆனா நான் சொல்றதுக்கு முன்னாடியே "தண்ணி கட்டி நிறுத்திடலாங்க்கா, அப்புறம்தான் டைல்ஸ்"னாரு. அவர்கிட்ட தலைவலி வேற மாதிரி, பொங்கலுக்கு ஊருக்குப் போனா எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது, கொத்தனார் வந்தா சித்தாள் வராது, சித்தாள் வந்தா மணல் வராது. பில்லும் கிடையாது. ஆனா தண்ணி சம்பந்தப்பட்ட வேலைக்கு அவர் கைதான் நம்பிக்கை.

வயரிங்கை கம்பெனி ஒழுங்கா பண்ணுச்சு. லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர் எம்எம் வயர், லோடு ஜாஸ்தியானா தானா கட் ஆகுற எம்சிபி, கரண்ட் கசிஞ்சா கட் பண்ற 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி எல்லாம் போட்டாங்க. ஆர்சிசிபியை மட்டும் விட்டுடாதீங்க, ஷாக் அடிச்சா ஆளைக் காப்பாத்துறது அதுதான். இன்வெர்ட்டருக்கு தனி லைன் ஒண்ணு இழுத்து விடச் சொன்னேன், சுவர் உடைச்சிருக்கும்போது அதுக்கு பெரிய செலவு ஆகல, வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க.

பணம் கொடுக்கிற விஷயத்துல இவங்க ஃபார்மட் என்னன்னா வீட்டை ஒப்படைக்கிறதுக்கு முன்னாடியே 95 பர்சென்ட் வாங்கிடுவாங்க. நான் 10 பர்சென்ட் கையில வெச்சுக்கிட்டு, நல்ல மழை ஒண்ணு பெஞ்சு பார்த்தப்புறம்தான் தருவேன்னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்கினேன். முதல்ல முடியாதுன்னாங்க, அப்புறம் ஒத்துக்கிட்டாங்க, எல்லாருமே ஒத்துக்குவாங்க, ஆரம்பத்துல கேக்கணும் அவ்வளவுதான். வாரண்டி 10 வருஷம்னு பெருசா போட்டிருக்கும், உள்ள படிச்சா அது கிச்சன் உட்வொர்க்குக்கு மட்டும், சிவில் வேலைக்கு ஒரு வருஷம்.

அடுத்து லோன். அவங்களே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோட டை-அப் வெச்சிருக்காங்க, 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு சொல்றாங்க. ரொக்கமா கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்டேன், உடனே ஒரு டிஸ்கவுன்ட் சொன்னாங்க, அந்த டிஸ்கவுன்ட்தான் வட்டி. அதைவிட மோசம், லோன் பணம் நேரா கம்பெனிக்குப் போயிடும், வேலை பாதியில நின்னாலும் இஎம்ஐ உங்க தலையில ஓடும், பிடிச்சு வெச்சுக்க உங்க கையில ஒரு ரூபாய் இருக்காது. வேண்டவே வேண்டாம்னுட்டேன்.

ஏற்கனவே ஹவுசிங் லோன் ஓடுதுன்னா அதே பேங்க்ல டாப்-அப், அதாவது அந்த லோன் மேலயே கூடுதல் லோன் கேளுங்க, பர்சனல் லோனை விட வட்டி நல்லா கம்மி. ஆனா பேங்க்காரங்க மிச்சம் இருக்கிற 15 வருஷத்துக்கும் இழுத்து விடப் பார்ப்பாங்க. ஒரு பேச்சுக்கு 3 லட்சம், 9 பர்சென்ட்னு வெச்சுக்குங்க, 5 வருஷம்னா இஎம்ஐ 6,200 சொச்சம், மொத்த வட்டி 74,000 கிட்ட. 15 வருஷம்னா இஎம்ஐ 3,000 சொச்சம்தான், பார்க்க அழகா இருக்கும், வட்டி மட்டும் 2.48 லட்சம். ஃப்ளோட்டிங் ரேட்டுன்னா, அதாவது ஏறி இறங்குற வட்டின்னா, தனி ஆளுக்கு முன்கூட்டியே அடைக்க அபராதம் போடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு, அதனால கையில காசு வரும்போதெல்லாம் போட்டு அடைங்க. 2024 அக்டோபர்லேருந்து கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு பேப்பர் கொடுத்தே ஆகணும், ப்ராசசிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து நிஜ வட்டி எவ்வளவுன்னு அதுல இருக்கும், வாய்ல சொல்ற ரேட்டை விட்டுட்டு அந்த நம்பரை பாருங்க.

டாக்ஸ்ல ஒரு சின்ன விஷயம். ரிப்பேர் பில் எல்லாம் சேர்த்து வெச்சு வாடகை வருமானத்துல கழிக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. சொத்து வரி போக மிச்ச வாடகையில 30 பர்சென்ட் அப்படியே கழிவு, நீங்க செலவு பண்ணினாலும் பண்ணாட்டியும் அதே 30தான். தனியா கழிக்க முடியறது லோன் வட்டி, ரிப்பேருக்கு வாங்கின லோனுக்கும் உண்டு, அதுக்கு அந்த காசு இந்த வீட்டுக்குத்தான் போச்சுன்னு காட்ட பில் வேணும். கம்பெனி பில்லுக்கு அங்க ஒரு மதிப்பு இருக்கு, மேஸ்திரியோட டைரி பேப்பருக்கு இல்ல.

சில பேரு லோனே வேண்டாம், புதுசா வர்றவங்க கொடுக்கிற 10 மாச அட்வான்ஸ்ல வேலை பார்த்துக்கலாம்னு சொல்றாங்க. தமிழ்நாட்டுல 2017ல கொண்டு வந்த வாடகை சட்டம் 2019 பிப்ரவரியிலேருந்து நடைமுறைல இருக்கு, அதுபடி அக்ரிமென்ட்ல ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டாத்தான் மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கலாம், அக்ரிமென்ட்டை பதிவும் பண்ணணும். லீஸுக்கு விட்டு மொத்தமா வாங்குறதும் இருக்கு, வட்டி இல்லாத கடன் மாதிரிதான், ஆனா அவங்க காலி பண்றப்ப மொத்தமா எடுத்து வைக்க வழி இருக்கான்னு பார்த்துட்டு இறங்குங்க.

எப்ப வேலை வைக்கிறதுன்னு கேட்டா, ஆடியில யாரும் வீடு மாற மாட்டாங்க, எப்படியும் காலியாத்தான் கிடக்கும், அப்ப வேலையை வெச்சு ஆவணி பொறந்ததும் போர்டு மாட்டுங்க. ஐப்பசி கார்த்திகைல மட்டும் பெயிண்ட் வேலை வேண்டாம்.

வீடு கடைசியில 19,500க்கு போச்சு, குடும்பம், ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. வந்து பார்த்தப்ப அந்தப் பொண்ணு ஃபர்ஸ்ட் கேட்டது "ஆன்ட்டி, வாஷிங் மெஷின் பாயிண்ட் எங்க இருக்கு?" ஃபால்ஸ் சீலிங் ஏன் இல்லன்னு யாரும் கேக்கல. அடுத்து இன்னொரு வீட்டு கிச்சன் பாக்கி இருக்கு, அதுக்கு இதே கம்பெனியைத்தான் கூப்பிடப் போறேன், கிச்சனும் பெயிண்ட்டும் மட்டும், ஐட்டம் வாரியா ரேட் போட்டுக் கொடுத்தா. அங்க பால்கனியில ஒழுகுற வேலை ஒண்ணு இருக்கு, அதுக்கு மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சாச்சு, எப்ப வருவாருன்னுதான் தெரியல.