அடுக்குத் தட்டு மண்புழுத் தொட்டி: பெட்டி அருமை, கையேடு போதாது

மூன்று தட்டுகள், அடியில் ஒரு குழாய், மேலே காற்றுத் துளை போட்ட மூடி. சமையலறைக் கழிவை உரமாக்க நான் வைத்திருக்கும் இந்தத் தொட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கீழ்த் தட்டு உரமானதும் மேல் தட்டில் தீனி வைத்தால், பெரும்பாலான புழுக்கள் துளை வழியாகத் தாமாகவே ஏறிவிடுகின்றன. உட்கார்ந்து புழு பொறுக்கும் வேலை வெகுவாகக் குறைகிறது.

கூடவே வரும் கையேட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ‘போடலாம்’, ‘போடக்கூடாது’ என்று இரண்டு பட்டியல்கள், அவ்வளவுதான். எப்படிப் போடுவது, எவ்வளவு போடுவது என்ற பேச்சே இல்லை. புழு பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. அழுகி இளகியதை, அதில் பெருகிய நுண்ணுயிர்களோடு சேர்த்து விழுங்குகிறது. முழு கேரட்டைப் போட்டால் நெடுநாள் அப்படியே கிடக்கும். பொடியாக நறுக்கிப் போடுங்கள். அதைவிட நல்லது, ஃபிரீசரில் உறைய வைத்து, குளிர் விட்ட பிறகு போடுவது. செல் சுவர்கள் உடைந்து தோல் குழைந்துவிடும். பழ ஈத் தொல்லையும் குறையும். அப்படி வைத்த தர்ப்பூசணித் தோலைச் சில நாள் கழித்துப் புரட்டினால், அடியில் புழுக்கள் கொத்தாகத் திரண்டிருக்கும். எனக்கு அலுக்காத காட்சி அது.

முட்டை ஓடு ‘போடலாம்’ பட்டியலில் இருக்கிறது. சரிதான், ஆனால் பொடித்துப் போட வேண்டும். அந்தப் பொடி புழுவின் அரைவைப்பையில் உணவை அரைக்க உதவும், தொட்டியின் புளிப்பையும் தணிக்கும். உப்பு, எண்ணெய், இறைச்சி, பால் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஈரத் தோலால் மூச்சுவிடும் உயிருக்கு உப்பு எமன். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் லிமோனீன் என்ற எண்ணெய் இருக்கிறது. அது புழுவுக்கு நஞ்சு. நன்கு நிலைபெற்ற தொட்டியில் ஒரு துண்டு விழுந்தால் பதற வேண்டாம், வாடிக்கையாகப் போடாதீர்கள்.

அளவுக்கு வருவோம். புழுக்களின் எடையில் பாதியளவு தீனி ஒரு நாளைக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். 1 கிலோ புழுவுக்கு 500 கிராம். அது நிலைபெற்ற தொட்டிக்கான உச்ச அளவு. புதிய தொட்டியில் மிகக் கொஞ்சமாகத் தொடங்கி, போட்டது கரைந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். மிஞ்சியது புளிக்கும், சூடேறும். நூல் போன்ற குட்டி வெள்ளைப் புழுக்கள் மண்டினால் தீனியும் ஈரமும் கூடி, தொட்டி புளித்துப்போயிருக்கலாம். அப்போது தீனியை நிறுத்திவிட்டுக் கிழித்த அட்டையைக் கலந்துவிடுங்கள்.

‘புழு உணவு’ என்று பெட்டியோடு வரும் தானிய மாவுப் பொட்டலம் தேவையே இல்லை. தடிமனாகத் தூவினால் அது நொதித்து, புழுக்களைக் கொன்றே விடும். அதற்குப் பதிலாகக் கையேட்டில் இரண்டு பக்கம் கூடுதலாக அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

இதை வாங்க நினைப்பவர்கள் இப்போதே பழுப்பு அட்டைப்பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் தீனியை மூட அதுதான் வேண்டும், புழுக்கள் அதையும் தின்னும். பளபளப்புப் பூச்சு உள்ளதை விலக்கிவிடுங்கள், ஒட்டுநாடாவை உரித்துவிடுங்கள்.