தெருக்கூத்து இரவுகளில் மூன்று பிரைம் லென்ஸ்களும் ஒரு ஜூமும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வெளிச்சம் குறைந்த இடத்தில் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, எஃப் எண் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்; அது குறையக் குறைய அதிக வெளிச்சம் உள்ளே வரும்) எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பதிலே வழக்கமாகக் கிடைக்கிறது. அந்தப் பதிலில் பிழையில்லை, ஆனால் அது பாதிப் பதில்தான். வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். கேனன் இஎஃப் வரிசையைச் சேர்ந்த மூன்று பிரைம் லென்ஸ்களையும் (குவியத்தூரம் மாறாதவை) ஒரு ஜூம் லென்ஸையும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு, ஒரு லென்ஸ் எவ்வளவு தூரம் திறக்கும் என்பதைக் காட்டிலும், எவ்வளவு திறந்தால் அதை நம்பிப் படமெடுக்க முடிகிறது என்பதையே வாங்குபவர் கணக்கில் கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கூத்து ஆடும் இடமான களரியின் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் காலம் முடிந்து, இப்போது பெரும்பாலான ஊர்களில் கழிகளில் கட்டிய எல்இடி ஃபோகஸ் விளக்குகளும் டியூப் லைட்டுகளுமே களரியை ஒளியூட்டுகின்றன. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் இந்த வெளிச்சம் கேமராவுக்குப் போதுவதில்லை. சுழன்றாடும் வேடக்காரரை அசைவு கலையாமல் பிடிக்க, ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டும். அந்த வேகத்தில் எஃப் 2.2 திறப்புக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்; அது கூடக்கூடப் படத்தில் புள்ளிப்புள்ளியான இரைச்சலும் கூடும்) 3200 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே காட்சிக்கு எஃப் 2.8இல் 5000, எஃப் 4இல் 10,000 ஆகிவிடும். சிறிய சென்சார் கேமராக்களோடு வரும் 18-55 கிட் லென்ஸ் முழு நீளத்தில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது என்பதால் அதற்கு 20,000 வரை போக வேண்டியிருக்கும். ஃபிளாஷ் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லைதான். ஆனால் அரிதாரத்தின் நிறமும் கண்ணாடிச் சில்லுகளின் மினுக்கமும் ஒரே வெளுப்பாகிவிடும், ஆடுகிறவருக்கும் தொல்லை. ஆகவே ஃபிளாஷைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

பெரும்பாலான காலம் நான் பயன்படுத்திய கேமரா, 2012இல் வெளிவந்த கேனன் 6டி. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார் கொண்ட அந்தக் கேமராவில் ஃபோகஸ் புள்ளிகள் மொத்தம் 11தான். அவற்றில் நடுப்புள்ளி மட்டும் நிலவொளி அளவு வெளிச்சத்திலும் வேலை செய்யும் திறனுடையது. சுற்றியுள்ள பத்தும் இரவில் ஏறக்குறைய அலங்காரம். கீழே சொல்லப்போகும் பலவற்றுக்கும் இந்த வரம்பு ஒரு காரணம் என்பதால் இதை முன்கூட்டியே குறிப்பிடுகிறேன்.

எல்லோரும் முதலில் வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையே நானும் முதலில் வாங்கினேன். 2015இல் வந்த எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டாரால் ஃபோகஸ் செய்யும்) வடிவம் இது. எடை 160 கிராம், உலோக மவுண்ட், ஏழு இதழ் கொண்ட அப்பர்ச்சர். பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்த இந்த லென்ஸ் தரும் படத்தின் தரத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. எஃப் 2.2க்கு மூடினால் முகங்கள் நல்ல கூர்மையுடன் வருகின்றன. இதன் குறை ஃபோகஸில் இருக்கிறது. எஸ்டிஎம் மோட்டார் வீடியோவுக்கு ஏற்ற நிதானமான ஓட்டம் உடையது; முன்னும் பின்னும் பாய்ந்தாடும் ஒருவரைத் தொடர அந்த நிதானம் உதவுவதில்லை. தவிர, கையால் ஃபோகஸ் செய்யும் வளையம் நேரடியாகக் கண்ணாடியை நகர்த்தாமல் மோட்டாருக்குச் சைகை மட்டுமே அனுப்புவதால், கேமரா உறங்கிவிட்டால் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது.

இது கூத்தில் எங்கே இடிக்கிறது என்றால், திரைப் பிரவேசத்தில். இரண்டு பேர் துணித் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் வேடக்காரர் பாடியபடி நெடுநேரம் தோற்றம் காட்டாமல் இருப்பார். வெற்றுத் துணியில் பிடித்துக்கொள்ள எந்தக் கோடும் இல்லாததால் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். எனவே திரையின் விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்களில் ஃபோகஸை வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திரை விலகி அவர் ஓரடி முன்னே வரும் நொடியில் வளையத்தைச் சிறிது திருப்பினால் போதும். கண்ணாடியை நேரடியாக நகர்த்தும் வளையமும் தூர அளவுகோலும் உள்ள யுஎஸ்எம் (அல்ட்ராசோனிக் மோட்டார்) லென்ஸ்களில் இது கைப்பழக்கமாகிவிடுகிறது, ஐம்பதில் ஆகவில்லை.

85 மி.மீ. எஃப் 1.8 யுஎஸ்எம் 1992ஆம் ஆண்டின் வடிவமைப்பு. எடை 425 கிராம். வயது தெரியாமல் பார்த்தால் ஃபோகஸ் வேகத்தை வைத்து இதைப் புதிய லென்ஸ் என்றே நினைப்பீர்கள். நடுப்புள்ளி ஒன்றைக் கொண்டே, கூத்தின் கோமாளியான கட்டியக்காரனின் கோணங்கித்தனங்களைக்கூடத் துரத்திப் பிடித்துவிடுகிறது. களரியின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆடுகிறவருக்கும் இடையில் மூன்று முதல் ஐந்து மீட்டர் இருக்கும். கிரீடத்திலிருந்து மார்புப் பதக்கம் வரை ஃபிரேமை நிரப்ப இந்தத் தூரத்துக்கு 85 மிகப் பொருத்தம்.

ஆனால் இந்த லென்ஸை எஃப் 1.8இல் வைத்துப் படமெடுப்பதை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன். மூன்று மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 தரும் ஃபோகஸ் ஆழம் (கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம்) சுமார் 13 செ.மீ. சாதாரண முகத்துக்கு அது போதும். கூத்து வேடமோ தோள்களிலிருந்து வெளியே நீளும் மரத்தாலான புஜகீர்த்திகளையும் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தையும் கொண்டது. வேடக்காரர் பக்கவாட்டில் திரும்பும்போது நம் பக்கத்துப் புஜகீர்த்தி கண்ணைவிட ஒரு சாண் முன்னால் வந்துவிடும். வெளிச்சத்தில் மினுங்கும் அந்தச் சில்லுகளைத்தான் ஆட்டோ ஃபோகஸ் முதலில் கவ்விக்கொள்ளும்; விளைவாக, தோளில் ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் விளிம்பும் தெளிவாகத் தெரிய, கண்கள் குழைந்துபோன படம் ஒன்று கிடைக்கும். எஃப் 2.8க்கு மூடினால் ஆழம் சுமார் 20 செ.மீ. ஆகிறது. எஃப் 2.2க்கும் 2.8க்கும் இடையில் நிற்பது என் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. முழுத் திறப்பில் இந்த லென்ஸ் பளிச்சிடும் விளிம்புகளில் ஊதா நிறக் கோட்டைக் காட்டும் என்பது இதைப் பயன்படுத்துவோர் அனைவரும் அறிந்த செய்தி. மேகமற்ற வானத்தின் எதிரில் மரக்கிளையை எடுப்பவருக்கு எப்போதாவது வரும் இந்தத் தொல்லை, உடல் முழுக்கக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் அணிந்தவரை எடுக்கும்போது ஒவ்வொரு படத்திலும் வருகிறது. மென்பொருளில் அகற்றலாம், அகற்றும்போது ஊதா நிற உடையும் சேர்ந்து சாம்பல் பூத்துவிடுகிறது. 2.5 அளவுக்கு மூடினால் பெரும்பகுதி மறைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் ஜூம் லென்ஸ் பேச்சுக்குள் வருகிறது. 24-70 மி.மீ. எஃப் 2.8 எல் இரண்டாம் வடிவத்தை, 2012இல் வெளியானது, வாடகைக்கு எடுத்தும் நண்பரிடம் இரவல் வாங்கியும் நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறேன். எஃப் 2.8இல் முழுக்கத் திறந்த நிலையிலேயே ஓரம் வரை அது கூர்மையாக இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் எஃப் 1.8க்கும் 2.8க்கும் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது). பிரைம் லென்ஸ் இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஆனால் பிரைமை நான் உண்மையில் 2.2இல் பயன்படுத்துகிறேன், ஜூமை 2.8இலேயே பயன்படுத்த முடிகிறது என்றால், கையில் எஞ்சும் வித்தியாசம் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்தான். ஐஎஸ்ஓ 3200க்கும் 5000க்கும் உள்ள அந்த இடைவெளியை ஏ4 அளவு அச்சில் என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அப்படியானால் ஜூமையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஓர் இரவு முழுக்க அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் தயங்குவார்கள். லென்ஸ் மட்டும் 805 கிராம். 6டியோடு சேர்த்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். 82 மி.மீ. விட்டமுள்ள அந்த முகப்பைத் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவிலிருந்து நீட்டினால், கூத்தைப் பார்க்க வந்தவர்கள் நம்மைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். கை நடுக்கத்தை ஈடுசெய்யும் நிலைப்படுத்தல் வசதியும் (ஐஎஸ்) அதில் இல்லை. எனினும் அர்ச்சுனன் தபசு போன்ற நாள்களில் அதற்கு மாற்றில்லை. தபசு மரத்தின் மேலே பாடிக்கொண்டு ஏறுபவரையும், கீழே அண்ணாந்து நிற்கும் ஊரையும் ஒரு நிமிட இடைவெளியில் எடுக்க வேண்டிய நெரிசலில், புழுதிக்கு நடுவே லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாது. அத்தகைய நாளுக்கு வாடகையே போதுமானது என்பது என் கணக்கு.

என்னிடம் அதிகம் உழைத்திருப்பது 35 மி.மீ. எஃப் 2 ஐஎஸ் யுஎஸ்எம். இதுவும் 2012ஆம் ஆண்டு வந்ததுதான். எடை 335 கிராம். எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் எஃப் 2 என்றதும் 1.4 லென்ஸ்களின் பக்கம் போய்விடுகிறார்கள். இதில் உள்ள நிலைப்படுத்தல் நான்கு ஸ்டாப் வரை கை நடுக்கத்தை ஈடுசெய்யும் என்பதையும், 24 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யலாம் என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை. கூத்து தொடங்குவதற்கு முன், வேடம் கட்டும் கொட்டகையில் இந்த லென்ஸுக்கு நிகரில்லை. ஒற்றை பல்பின் கீழ், கையகலக் கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சியை வெள்ளைக் குழம்பில் தொட்டுப் புருவத்துக்கு மேலே புள்ளி வைப்பவர், ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சைப் பிடித்து அசையாமல் இருப்பார். அந்த நேரத்தில் 1/15 நொடியில் ஐஎஸ்ஓ 1600ஐக்கூடத் தொடாமல் படம் கிடைக்கிறது. அரிதாரத்தின் வழவழப்பும் தோலின் மயிர்க்கால்களும் இரைச்சலில்லாத குறைந்த ஐஎஸ்ஓவில் மட்டுமே அப்படித் தெரியும்.

நிலைப்படுத்தல் நம் கையின் நடுக்கத்தை மட்டுமே நிறுத்தும், எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது என்பதை விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்வதில்லை. ஆட்டம் தொடங்கியதும் நான்கு ஸ்டாப் ஈடு என்பதெல்லாம் பொருளற்றுப் போய், 35 வெறும் எஃப் 2 லென்ஸாகிவிடுகிறது. அதற்காகத்தான் சிக்மாவின் 35 எஃப் 1.4 ஆர்ட் லென்ஸை ஒரு திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். ஆட்டத்துக்கு அது இரட்டிப்பு வெளிச்சம் தந்தது உண்மை. ஆனால் 665 கிராம் எடை, அதாவது என் லென்ஸைப்போல் இரு மடங்கு. கொட்டகைக்குள் நிலைப்படுத்தல் இல்லாத குறை உடனே தெரிந்தது. நகர்ந்தாடுவதை மட்டுமே எடுப்பவர் 1.4ஐத் தேர்ந்துகொள்ளலாம். ஆட்டமும் அமைதியும் கலந்த இரவுக்கு எஃப் 2 ஐஎஸ்தான் என் தேர்வு. மூன்று மீட்டரில் இதன் ஃபோகஸ் ஆழம் 90 செ.மீ.க்கு அருகில் வருவதால், முகம், புஜகீர்த்தி, பின்னால் நிற்கும் முகவீணை ஊதுபவரின் தோள் எல்லாம் முழுத் திறப்பிலேயே ஓரளவு தெளிவாக அமைந்துவிடுகின்றன. திறந்த அளவிலேயே நம்பக்கூடிய லென்ஸ் என்று நான் சொல்வது இதைத்தான்.

லென்ஸ் எதுவானாலும் மாறாத சில தொல்லைகள் உண்டு. மலிவான எல்இடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/250 நொடியில் எடுக்கும்போது படத்தின் ஒரு பகுதி இருண்டோ மஞ்சள் பாய்ந்தோ வருவதற்கு லென்ஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 6டியில் இதற்கு வழியில்லை. துடிப்பைக் கணித்து ஷட்டரை இயக்கும் வசதி பிற்காலக் கேமராக்களில்தான் வந்தது. அடுத்தது யுவி ஃபில்டர். விளக்கு ஃபிரேமுக்குள் வந்தால், ஃபில்டரின் தட்டைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்புறத்தில் தலைகீழான பச்சைப் பொட்டாகத் தோன்றும். இரவில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஹூடை மட்டும் மாட்டிக்கொள்கிறேன்.

அண்மைக்காலமாகக் கேனனின் மிரர்லெஸ் கேமராவான ஆர்6இல் அடாப்டர் வழியாக இதே லென்ஸ்களைப் பயன்படுத்துகிறேன். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், அரிதாரம் பூசிய முகத்தையும் நேராகப் பார்க்கும்போது அடையாளம் காண்கிறது. பக்கவாட்டில் திரும்பினால் கிரீடத்துக்குத் தாவிவிடுகிறது. ஆனாலும் 85ஐ எஃப் 1.8இல் துணிந்து திறக்க முடிகிறது என்பது பெரிய மாற்றம். ஊதா விளிம்பு மட்டும் எந்தக் கேமராவில் மாட்டினாலும் அப்படியேதான் இருக்கிறது. கேமராவின் உடலிலேயே நிலைப்படுத்தல் வந்துவிட்டதால், 35க்கு இருந்த தனிச் சிறப்பும் ஓரளவு குறைந்திருக்கிறது.

கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) கேமரா வைத்திருப்பவர்களுக்கு மேற்சொன்ன கணக்கு ஒருபடி நகரும். அவர்களின் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. லென்ஸைப் போலக் காட்டும் என்பதால், நான் 85இல் எடுக்கும் படங்களை அவர்கள் ஐம்பதிலேயே எடுத்துவிடலாம். மோட்டாரின் நிதானத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய இஎஃப் லென்ஸ்கள் இப்போது இரண்டாம் கையாக நிறையக் கிடைக்கின்றன. வாங்கும்போது கைபேசியின் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் பீரோவில் கிடந்த லென்ஸ் என்றால் இரண்டு முறை பாருங்கள். 85இல் வளையம் சொரசொரப்பின்றிச் சுழல்கிறதா, 35இல் நிலைப்படுத்தல் இயங்கும்போது வியூஃபைண்டரில் காட்சி துள்ளாமல் நிற்கிறதா என்பவற்றைக் கேமராவில் மாட்டிச் சோதிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 50ஐ மட்டும் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம். பழையதற்கும் புதியதற்கும் விலையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை.