லைட்டை கான்ட்ராக்டரே வாங்கட்டுமா, நாமே வாங்கலாமா?

எங்கள் வீட்டு ஒப்பந்தத்தில் கம்பிக்கும் சிமென்டுக்கும் கம்பெனிப் பெயர் இருந்தது. டைல்ஸுக்குச் சதுர அடி விலை இருந்தது. லைட்டுக்கு ஒரே ஒரு வரி: 'ஸ்டாண்டர்டு ஃபிட்டிங்ஸ் பொருத்தித் தரப்படும்.' எந்த ஸ்டாண்டர்டு, எத்தனை என்று ஒன்றும் இல்லை. மதுரை நத்தம் ரோட்டில் ஊமச்சிகுளம் தாண்டி 1,150 சதுர அடியில் கட்டினோம். இந்த ஒரு வரிக்காக மட்டும் கான்ட்ராக்டரோடு மூன்று தடவை உட்கார்ந்தோம். நல்லவேளை, மூன்றுமே கையெழுத்துக்கு முன்னால்.

வழி மூன்று உண்டு. எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடலாம். அலைச்சல் கிடையாது, கிரகப்பிரவேசத்தன்று சுவிட்சைப் போட்டால் எரியும். நாகமலை புதுக்கோட்டையில் என் மச்சினர் அப்படித்தான் கட்டினார். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீடு கட்டுகிறவருக்கு இதை விட்டால் வேறு வழியும் இல்லை.

இரண்டாவது, 'இத்தனை ரூபாய்க்குள் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது. எங்களுக்குச் சொன்ன தொகை 30,000. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கேள்விகள் வந்தன. எந்தக் கடையில் எடுப்பது? அவர் கைகாட்டும் கடையில். எந்த விலைக்கு? பெட்டியில் அச்சடித்த விலைக்கு. டவுன் ஹால் ரோட்டில் நாமே போய்க் கேட்டால் அந்த அச்சு விலையை யாரும் வாங்குவதில்லை. வரி சேர்த்தா, தனியா? எல்இடி சாமானுக்கு 2022 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம். வரியும் அதற்குள்ளேயே என்றால் 30,000-ல் சாமானுக்கு நிற்பது 25,400 சொச்சம். மிச்சமானால் திருப்பித் தருவாரா என்று கேட்டேன். சிரித்தார்.

மூன்றாவதைத்தான் நாங்கள் எடுத்தோம். பைப், ஒயர், சுவிட்ச், மாட்டும் கூலி எல்லாம் அவர் பொறுப்பு. லைட் மட்டும் நம்முடையது. அதற்கான தொகையை மொத்தத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கழிவில்தான் பேரம். "லைட்டுக்கு ஒரு பன்னெண்டாயிரம் கழிச்சுக்கலாம் சார்" என்றார்.

"எடுத்துக்கச் சொல்லும்போது முப்பது, கழிக்கும்போது பன்னெண்டாண்ணே?"

"நாங்க மொத்தமா எடுக்கிறோம் சார், எங்களுக்கு விழுகிற விலை வேற."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்றாவது உட்காரலில் 22,000-ல் முடிந்தது. கடையில் எங்களுக்கு ஆன செலவு 19,000-க்குக் கொஞ்சம் மேல். இந்த மூவாயிரத்துக்காக இவ்வளவு பேச்சா என்றால், அதற்காக மட்டும் இல்லை. நான் பார்த்தது வேறு கணக்கு: ஒரு லைட் ஃபியூஸ் போனால் அதை மாற்றப்போவது யார்?

மச்சினர் வீட்டு ஹாலைப் பார்த்ததிலிருந்து வந்த கேள்வி அது. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதில் பதித்த வட்டப் பேனல் லைட் எட்டு. முதல் நாள் பார்த்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. பதினான்காவது மாதம் ஒன்று விட்டு விட்டு எரிந்தது, பிறகு அணைந்தது. கான்ட்ராக்டரின் பராமரிப்புக் காலம் பன்னிரண்டோடு முடிந்திருந்தது. மொத்தமாக எடுத்த சரக்கு, பில் மச்சினர் கையில் இல்லை, அந்த மாடலும் கடையில் இல்லை. அதே 12 வாட் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி சீலிங்கில் வெட்டும் ஓட்டையின் அளவு வேறு. ஓட்டை சிறிதென்றால் ஜிப்சத்தை அறுக்கலாம், பெரிதென்றால் லைட் நிற்கவே நிற்காது. கடைசியில் விளிம்பு அகலமான ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். ஏழு லைட் ஒரு வெள்ளை, எட்டாவது நீலம் கலந்த வெள்ளை. ஏணி, எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் தனி.

இத்தனைக்கும் போனது பெரும்பாலும் லைட் ஆக இருக்காது, டிரைவர்தான். பேனலோடு ஒயரில் தொங்குமே ஒரு சின்னப் பெட்டி, அது. 230 வோல்ட் ஏசியை எல்இடிக்கு வேண்டிய டிசியாக மாற்றுவது அதன் வேலை. அதற்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பகலெல்லாம் குடித்த காங்கிரீட் தளம், அதற்குக் கீழே காற்றுப் புகாத சந்து, அந்தச் சந்தில் டிரைவர். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் வர வேண்டும். டிரைவரை மட்டும் மாற்றலாம்தான். அதன் முதுகில் அச்சிட்ட மில்லி ஆம்பியரும் வோல்ட் அளவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இதைப் பார்த்து வாங்கி வந்து மாட்டும் பொறுமை எத்தனை எலெக்ட்ரீஷியனுக்கு இருக்கிறது?

அதனால் நாங்கள் ஹாலில் நாலடி எல்இடி பட்டை இரண்டு போட்டோம், தலா 20 வாட். சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கு, படுக்கையறைச் சுவர் விளக்கு, பூஜை அறை, மாடிப்படி எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: உள்ளே சாதாரண பின் ஹோல்டர் இருக்க வேண்டும். பல்பு போனால் தெருமுனைக் கடையில் 9 வாட் வாங்கி, ஸ்டூலில் ஏறி, அழுத்தித் திருகினால் முடிந்தது. எழுபது வயது அம்மாகூடப் படுக்கையறைப் பல்பை அப்படித்தான் மாற்றினார், நாங்கள் திட்டினோம் என்பது வேறு விஷயம். பட்டை லைட்டுக்குள்ளும் டிரைவர் இருக்கிறது, அதுவும் போகும். ஆனால் ஓட்டை அளவு தேடி அலைய வேண்டாம். எந்தக் கம்பெனிப் பட்டையையும் சுவரில் இரண்டு கிளிப் போட்டு மாட்டிவிடலாம்.

அழகில் மச்சினர் ஹால்தான் ஜெயிக்கும். எங்கள் ஹாலைப் பார்த்துவிட்டு என் மனைவி, "பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். மறுக்க முடியவில்லை. பட்டை இரண்டுமே 6,500 கெல்வின் வெள்ளை. பிறகு தொங்கும் விளக்கில் 3,000 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டதும் வீடு மாதிரி ஆனது. கரன்ட் கணக்கு பெரிதில்லை. எட்டுப் பேனல் 96 வாட், இரண்டு பட்டை 40 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட், 12 யூனிட். முதல் 100 யூனிட் இலவசத்துக்குள் நிற்கப் பார்க்கிறவருக்கு அந்தப் பதினேழு பெரிது, ஏசி ஓடும் வீட்டில் தூசி.

நாமே வாங்குவதில் ஒரு தொல்லை உண்டு. மாடிப்படி லைட் மினுக்கியது. கான்ட்ராக்டர், "சாமான் சரியில்ல சார்" என்றார், கடைக்காரர், "ஒயரிங் சரியில்ல சார்" என்றார். பூஜை அறைப் பல்பைக் கழற்றி அங்கே போட்டுப் பார்த்தேன், அதுவும் மினுக்கியது. அதை வீடியோ எடுத்துக் கான்ட்ராக்டருக்கு அனுப்பியதும் அவருடைய ஆள் வந்து லூஸ் கனெக்‌ஷனைச் சரிசெய்துவிட்டுப் போனார். பதித்த பேனலாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எங்களுக்குக் குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பட்டை லைட் ஐந்து வருஷம் தாங்குமா என்று இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன். ரிமோட் லைட், செல்போனில் எரியும் லைட் பக்கம் போகவே இல்லை.

லைட்டைப் பிறகு வாங்கலாம், பாயிண்டைப் பிறகு வைக்க முடியாது. சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும், காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், பைப்பும் பெட்டியும் தளத்தில் படுத்தாக வேண்டும். தவறவிட்டால் பூசிய சுவரில் காடி வெட்ட வேண்டியதுதான். எத்தனை பாயிண்ட், எங்கெங்கே என்று வரைபடத்தில் குறித்து ஒப்பந்தத்தோடு சேர்த்தோம். கூடுதல் பாயிண்டுக்கு 850 ரூபாய் என்று அதிலேயே எழுதியும் வாங்கினோம். அவ்வளவு சாமர்த்தியமாகச் செய்துவிட்டு, கேட் தூணை நான் குறிக்க மறந்துவிட்டேன். தண்ணீர் புகாத ஐபி65 விளக்கு இரண்டு வாங்கி வைத்தது பெட்டி பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. திருக்கார்த்திகைக்கு அந்தத் தூண் மேல் அகல் எரியும். மற்ற ராத்திரிகளில் பூட்டைத் தேட செல்போன் டார்ச்.