பசியடக்கும் மாத்திரை: 7,800 ரூபாயும் போச்சு, பிபியும் ஏறிப்போச்சு

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரிதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

7,800 ரூபாய். சாதா ஜாக்கெட் தைக்க 150 வாங்குகிறேன். கணக்குப் போட்டால் 52 ஜாக்கெட்.

நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து எடை 84 கிலோ ஆகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் ஒரு எடைக்குறைப்புப் பக்கம் கண்ணில் பட்டது. "பசியே எடுக்காது, சுத்த மூலிகை, டாக்டர் சீட்டோடு வரும்" என்று போட்டிருந்தார்கள். மூலிகைக்கு எதற்கு டாக்டர் சீட்டு, சீட்டு வேண்டிய மருந்தை இன்ஸ்டாவில் எப்படி விற்கிறார்கள் என்றெல்லாம் இப்போது கேட்கத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். போனில் ஒரு பெண் பேசினார். வாய்க்கு வாய் அக்கா, அக்கா. "களியை விட வேண்டாம்க்கா, உருண்டையைச் சின்னதாப் பிடிங்க போதும்" என்றார். நம்ம ஊர்ப் பெண் போல என்று நினைத்தேன். எனக்கு பிபி இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். உடனே "பரவாயில்லைக்கா" என்று சொல்லியிருந்தால் நானே போனை வைத்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "இருங்கக்கா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, "உங்களுக்கு டோஸ் குறைச்சுக் கொடுக்கச் சொல்லியிருக்காருக்கா" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் விழுந்தேன். வாட்ஸ்அப்பில் டாக்டர் சீட்டும் வந்தது. அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை, பிபி பார்க்கவில்லை. ஜிபேயில் 7,800 போட்டேன். பணம் போனது யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு. அதையும் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

வந்தது ஒரு வெள்ளை டப்பா. உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், யார் தயாரித்தது, எதுவும் அச்சிடவில்லை. ஆனால் வேலை செய்தது, அதுதான் கொடுமை! மூன்று வாரத்தில் நாலு கிலோ இறங்கியது. என் டேப்பை நானே இடுப்பில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அப்புறம் வாய் வறண்டது, தூக்கம் போனது. ஒருநாள் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது.

போன் செய்தேன். "கெட்ட நீர் வெளியேறுதுக்கா, நல்லதுதான்." மறுநாள், "தண்ணி நிறைய குடிங்கக்கா." அதற்கும் மறுநாள் வேறு ஒருத்தர் எடுத்து, "டப்பா பிரிச்சுட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது மேடம்" என்றார். அக்கா மேடம் ஆகிவிட்டேன். சாயங்காலம் பிளாக்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிபி 170க்கு 110 காட்டியது. டப்பாவைப் பார்த்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உள்ளே என்ன இருக்கிறதென்று சோதிக்காமல் சொல்ல முடியாது என்றார். சிபுட்ராமின் என்று ஒரு பசியடக்கும் மருந்து இருந்ததாம். மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடுகிறதென்று 2011லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்களாம். மூலிகை என்று விற்கும் மாத்திரைகளில் அதைக் கலந்து பல நாடுகளில் பிடித்திருக்கிறார்களாம். பென்டர்மின் மாதிரி பசியடக்கும் மருந்துகளும் நாடித்துடிப்பையும் பிபியையும் ஏற்றக்கூடியவை, டாக்டர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பவை, இதய நோய், தைராய்டு அதிகச் சுரப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது என்றார். எடைக்கு மருந்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. பார்த்து, சோதித்து, மாதாமாதம் கூப்பிட்டுப் பார்க்கிற டாக்டர் கொடுக்க வேண்டும் என்றார். சரி, அதை முதலிலேயே போய்க் கேட்டிருந்தால் அங்கே செலவே இல்லை. நான் 7,800 கொடுத்து எமனை வாங்கியிருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், கை வலிக்கிறது. மருந்தின் பெயரும் தயாரித்தவர் பெயரும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். உங்களைப் பார்க்காத டாக்டரின் சீட்டு வெறும் பேப்பர். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் விற்றவனுக்குப் போன் போடாமல் 108க்குப் போடுங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடுங்கள். நான் பணம் போட்டு மூன்று வாரத்துக்கும் மேல் கழித்துத்தான் கூப்பிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது, 7,800 வரவில்லை.

காலையில் மகள் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். புது வீடியோ போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு பெண், "எனக்கு சுகர் இருக்கு, சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று பதில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு, மகளையும் பிளாக் செய்துவிட்டார்கள். அந்தப் பெண்ணை யாருக்காவது தெரிந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.